பிஜிஏ வரிசையை விடுங்கள், எல்பிஜிஏ வரிசையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் லாஞ்ச் மானிட்டர் (கோல்ஃபில் கிளப்பும் பந்தும் போகும் விதத்தை அளந்து எண்களாகக் காட்டும் கருவி) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் கோல்ஃப் பற்றி எழுதுபவர்களே குறைவு. அதிலும் அந்தக் கருவியைப் பற்றி எழுத முன்வந்தவருக்கு முதலில் என் நன்றி. ஆளுக்கு ஏற்ற கிளப்பை, அதாவது கோல்ஃப் மட்டையை, பொருத்தித் தருவதுதான் என் தொழில். ஒருவர் வந்து நின்று அடிப்பார், பக்கத்துத் திரையில் எண்கள் வந்து விழும். அவற்றைப் பார்த்து இவருக்கு எந்த ஷாஃப்ட் (தண்டு), எத்தனை டிகிரி லாஃப்ட் (கிளப் முகத்தின் சாய்வு), எவ்வளவு நீளம் என்று முடிவு செய்வேன். நாள் முழுக்க அந்தத் திரை முன்னால்தான் இருக்கிறேன் என்பதால், கட்டுரையில் ஒரு விஷயம் உறுத்தியது.

கடைசியில் ஓர் அட்டவணை போட்டு, அதன் மேலே ‘உங்கள் இலக்கு’ என்று தலைப்புக் கொடுத்திருந்தீர்கள். அதில் இருந்தவை பிஜிஏ டூர் என்ற ஆண்கள் தொழில்முறைப் போட்டித் தொடரில் ஆடும் வீரர்களின் சராசரி எண்கள். அதிகத் தூரம் அடிக்க உதவும் கிளப்பான டிரைவருக்கு கிளப் வேகம் மணிக்கு 113 மைல், பந்தின் வேகம் 167 மைல், அட்டாக் ஆங்கிள் மைனஸ் 1.3, பந்து கிளம்பும் கோணம் 10.9 டிகிரி, ஸ்பின் நிமிடத்துக்கு 2,686 சுற்று, கேரி, அதாவது தரை தொடும்வரை பந்து பறக்கும் தூரம், 275 யார்டு. டிராக்மேன் நிறுவனம் வெளியிட்டு, பயிற்சிக் கூடங்களின் சுவர்களில் எல்லாம் ஒட்டப்பட்ட எண்கள்தான் இவை. பின்னாளில் புதுப்பித்தபோது வேகமும் தூரமும் இன்னும் கொஞ்சம் ஏறின. எண்கள் சரி. ஆனால் உங்கள் வாசகர்களில் இது யாருக்கு இலக்கு ஆகும்?

பொழுதுபோக்காக ஆடும் ஆண்களின் டிரைவர் வேகம் சராசரியாக மணிக்கு 93 மைலை ஒட்டி இருக்கும். அவர்கள் இந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, “லாஞ்ச் 11 டிகிரிக்கு வரணும், ஸ்பின்னைக் குறைக்கணும்” என்று வந்து நிற்கிறார்கள். 167 மைல் வேகத்தில் போகும் பந்து 11 டிகிரியில் கிளம்பினாலும் காற்றே அதைத் தூக்கிக்கொண்டு போகும். 135 மைலில் போகும் பந்துக்கு அந்தத் தூக்கு கிடைக்காது. அது கிளம்பும்போதே உயரமாகக் கிளம்ப வேண்டும். இல்லையென்றால் சீக்கிரம் தரைக்கு வந்துவிடும்.

அதே டிராக்மேன் அட்டவணையில் கீழே இன்னொரு வரிசை உண்டு. அதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். பெண்கள் தொழில்முறைத் தொடரான எல்பிஜிஏ டூர் வீராங்கனைகளின் வரிசை அது. கிளப் வேகம் 94, பந்தின் வேகம் 140, அட்டாக் ஆங்கிள் பிளஸ் 3, கிளம்பும் கோணம் 13.2, ஸ்பின் 2,611, கேரி 218 யார்டு. 94 மைல் என்பது கிட்டத்தட்ட உங்கள் வாசகரின் வேகம். அந்த வேகத்தை வைத்துக்கொண்டு இந்தப் பெண்கள் 218 யார்டு பறக்க விடுகிறார்கள். அதே வேகத்தில் வீசும் ஆண்கள் பலர் 200ஐத் தொடவே திணறுவதை நான் தினமும் பார்க்கிறேன்.

இதை நான் எடுத்துக் காட்டும்போது சிலர் முகம் மாறிவிடும். “என்ன மேடம், லேடீஸ் கணக்கை எடுத்து எனக்குக் காட்டுறீங்க?” என்று நேராகவே கேட்டவர்கள் உண்டு. “சார், உங்க ஸ்விங் வேகம் இவங்க வேகம்தான். ஆனா இவங்க பந்து உங்க பந்தைத் தாண்டிப் போகுது. யார்கிட்ட கத்துக்கணும்?” என்று நானும் நேராகவே கேட்பேன். பெரும்பாலானவர்கள் சிரித்துவிட்டு டீயை (பந்தை ஏற்றி வைக்கும் சிறு குச்சி) உயர்த்துவார்கள். ஒரு சிலர் அப்புறம் வருவதில்லை. சரி, போகட்டும்.

அந்தப் பிளஸ் 3 என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அட்டாக் ஆங்கிள் என்பது பந்தைத் தொடும் நொடியில் கிளப் தலை மேல்நோக்கிப் போகிறதா, கீழ்நோக்கி இறங்குகிறதா என்பதைச் சொல்லும் கோணம். மேல்நோக்கி என்றால் பிளஸ், கீழ்நோக்கி என்றால் மைனஸ். வேகம் கையில் இருக்கும் ஆண் வீரர்கள் டிரைவரில் லேசாகக் கீழ்நோக்கி அடித்தும் சமாளித்துவிடுகிறார்கள். வேகம் குறைந்தவர்களுக்கு அந்த வசதி கிடையாது. 90 மைல் வேகத்தில் மைனஸ் 5க்கும் பிளஸ் 5க்கும் நடுவே 20 யார்டு அளவுக்கு கேரி வித்தியாசம் வரும். உடம்பில் ஒரு துளி பலம் கூடாமல் கிடைக்கும் தூரம் இது.

இதை மாற்றுவது எப்படி என்றால், பந்தை முன்காலின் குதிகாலுக்கு நேரே கொண்டுபோவது, டீயை உயர்த்துவது, நிற்கும்போதே முன்தோள் பின்தோளைவிடச் சற்று மேலே இருக்கும்படி சாய்ந்துகொள்வது. மூன்றுமே ஸ்விங் ஆரம்பிப்பதற்கு முன்னால் செய்பவை. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது, அதைக் கட்டுரைகளில் யாரும் எழுதுவதில்லை. கிளப் போவது சாய்ந்த ஒரு வட்டத்தில். அந்த வட்டத்தின் அடிப்புள்ளியைத் தாண்டி மேலே ஏறும்போது கிளப் தலை இடப்பக்கமாகவும் திரும்பிப் போகும். வலக்கை ஆட்டக்காரரை வைத்துச் சொல்கிறேன், இடக்கையாளர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளவும். டிரைவரில் அட்டாக் ஆங்கிளை ஒரு டிகிரி மேலே ஏற்றினால், கிளப் பாத் (கிளப் தலை போகும் பாதையின் திசை) ஏறக்குறைய ஒரு டிகிரி இடப்பக்கம் போய்விடும். ஏற்கனவே ஸ்லைஸ் (பந்து வலப்பக்கம் வளைந்து போவது) அடிப்பவர் “மேல்நோக்கி அடி” என்ற அறிவுரையை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் அவருடைய ஸ்லைஸ் கூடத்தான் செய்யும். அவர் மேல்நோக்கி அடிக்கும்போது ஸ்விங்கின் மொத்தத் திசையையும் சற்று வலப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். திரையில் இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் இது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

தரையில் கிடக்கும் பந்தை அடிக்கும் கிளப்பான அயர்னுக்கு இதெல்லாம் தலைகீழ். அங்கே 7 அயர்னில் பிஜிஏ சராசரி மைனஸ் 4.3, எல்பிஜிஏ சராசரி மைனஸ் 2.3. பந்தை முதலில் தொட்டுவிட்டு அப்புறம்தான் தரையைத் தொட வேண்டும். பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று நினைத்து மேல்நோக்கி அடிப்பவரின் அட்டாக் ஆங்கிள் பிளஸ்ஸில் இருக்கும், பந்து தரையோடு தரையாகப் போகும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். திரையில் இருபது முப்பது எண்கள் வந்தாலும் அவற்றில் காரணங்கள் சிலவே. கிளப்பின் முகம் பந்தோடு ஒட்டியிருக்கும் நேரம் அரை மில்லி நொடிக்குப் பக்கம். அந்த நேரத்தில் கிளப் எவ்வளவு வேகமாக வந்தது, மேலா கீழா, வலமா இடமா, முகம் எந்தப் பக்கம் பார்த்தது, எவ்வளவு சாய்ந்திருந்தது, முகத்தில் எந்த இடத்தில் பந்து பட்டது, இவ்வளவுதான் நீங்கள் செய்தது. பந்தின் வேகம், கோணம், ஸ்பின், உயரம், கேரி, மொத்தத் தூரம், பக்கவாட்டு விலகல் எல்லாம் அவற்றின் விளைவு. கேரி என்பது காய்ச்சல் அளவு மாதிரி. ஏதோ சரியில்லை என்று சொல்லும், என்ன நோய் என்று சொல்லாது. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அடித்தவுடன் தலையைத் திருப்பிப் பார்ப்பது கேரியைத்தான்.

அடுத்து அவர்கள் பார்ப்பது ஸ்மாஷ் ஃபேக்டர். பந்தின் வேகத்தைக் கிளப்பின் வேகத்தால் வகுத்தால் வருவது அது. டிரைவரில் 1.5ஐ ஒட்டி நின்றுவிடும், அதற்கு மேல் போகாது. காரணம் எளிய கணக்கு, பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியின் மீதியைத் தாண்டிப் போகலாம். விதிப்படி பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. டிரைவர் தலை சுமார் 200 கிராம். முகத்தின் துள்ளலுக்கு விதி வைத்திருக்கும் வரம்பு 0.83ஐ ஒட்டியது. துள்ளலோடு ஒன்றைக் கூட்டினால் 1.83. பந்தின் எடையைத் தலையின் எடையால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 1.23. 1.83ஐ 1.23ஆல் வகுத்துப் பாருங்கள், 1.49 வரும். சில கருவிகள் 1.53 என்று காட்டும்போது ஆளுக்குப் பெருமை தாங்காது. அங்கே நடந்திருப்பது கிளப் வேகத்தைக் கருவி குறைவாகப் பிடித்தது, அவ்வளவே.

லாஃப்ட் கூடக் கூட இந்த எண் இறங்கும். 7 அயர்னில் பிஜிஏ சராசரி 1.33, குறுந்தூரத்துக்கான பிட்சிங் வெட்ஜில் 1.23. வெட்ஜில் 1.4 வரவில்லையே என்று ஒருவர் வருத்தப்பட்டார். வெட்ஜின் வேலை பந்தை உயரத் தூக்கிச் சுழலவிடுவது. கொடுத்த சக்தியில் ஒரு பங்கு அங்கே போய்த்தான் ஆகவேண்டும்.

ஸ்மாஷ் எங்கே உதவும் என்றால், ஒரே டிரைவரில் அடிக்கு அடி எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பதில். 93 மைல் வேகத்தில் 1.48 வந்தால் பந்து 138 மைலில் கிளம்பும். 1.40 வந்தால் 130. டிரைவரில் பந்தின் வேகம் ஒரு மைல் கூடினால் கேரி ஏறக்குறைய 2 யார்டு கூடும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் கையில் வைத்திருக்கும் கணக்கு. அப்படியானால் நடுவில் படாததால் மட்டும் 15 யார்டு போயிற்று. அதே 15 யார்டை வேகத்தால் ஈடுகட்ட வேண்டுமென்றால் கிளப் வேகம் 5 மைல் ஏற வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் உடற்பயிற்சி. பந்தை முகத்தின் நடுவில் வாங்குவது அதைவிட மலிவு.

ஸ்லைஸ் விஷயத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த விஷயம் இதுதான், கொஞ்சம் நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பந்து ஸ்விங் போகும் திசையில் கிளம்பி, முகம் பார்க்கும் திசையில் போய் முடியும் என்று பல தலைமுறைகளாகக் கற்றுக்கொடுத்தார்கள். ரேடாரும் அதிவேகக் கேமராவும் வந்து அதைத் தலைகீழாக்கின. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்வது முகம்தான். டிரைவரில் ஏறக்குறைய 85 சதவீதம், அயர்னில் 75 சதவீதம் முகத்தின் பங்கு. வளைவை முடிவு செய்வது முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம். திரையில் அதற்கு ஃபேஸ் டு பாத் என்று பெயர். முகம் பாதைக்கு வலப்பக்கம் பார்த்தால் பந்து வலப்பக்கம் வளையும், இடப்பக்கம் பார்த்தால் இடப்பக்கம்.

ஓர் உதாரணம். கருவியில் வலம் பிளஸ், இடம் மைனஸ். ஒருவருடைய பாதை மைனஸ் 6, முகம் மைனஸ் 2. பந்து இலக்குக்கு இரண்டரை டிகிரி இடப்பக்கம் கிளம்பும். முகம் பாதைக்கு 4 டிகிரி வலப்பக்கம் திறந்திருப்பதால் அப்படியே வலப்பக்கம் வளைந்து போய் விழும். பந்து வலப்பக்கம் விழுவதைப் பார்க்கும் அவர் அடுத்த முறை இன்னும் இடப்பக்கம் திரும்பி நிற்பார். பாதை மைனஸ் 8 ஆகும். முகத்தை மட்டும் பழைய மைனஸ் 2லேயே வைத்திருப்பார். வித்தியாசம் 6 ஆகும். வளைவு இன்னும் பெரிதாகும். இப்படியே வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொருவர் வருகிறார். பாதை பிளஸ் 1, முகம் பிளஸ் 5. இங்கேயும் வித்தியாசம் 4. வளைவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் இவருடைய ஸ்விங் பாதையில் தொட வேண்டியதே எதுவும் இல்லை. முகம் திறந்து வருகிறது, பிடியைச் சற்றுத் திருப்பினால் போதும். முதலாமவருக்கு வேண்டியது வேறு: தோள் எப்படித் திறக்கிறது, கை எந்த வழியாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். வெறும் கண்ணால் பார்த்தால் இரண்டு பேருக்கும் ஸ்லைஸ். இரண்டு பேருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்லிவிட்டு நகரும் பயிற்சியாளர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கருவிக்குக் கொடுக்கும் காசு இந்த ஒரு வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டுவதற்கே தகும் என்பது என் எண்ணம்.

சிலர் இரண்டு எண்ணும் சுழியமாக வரவேண்டும் என்று மல்லுக்கட்டுவார்கள். தேவையில்லை. பாதை பிளஸ் 3, முகம் பிளஸ் 1.5 என்று ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் பந்து கொஞ்சம் வலப்பக்கம் கிளம்பி இலக்குக்குத் திரும்பி வரும். நல்ல டிரா அது. அதைப் போய் எதற்கு நேராக்க வேண்டும்?

அப்புறம் ஒரு குழப்பம் வரும். ஃபேஸ் டு பாத் பிளஸ் 2 காட்டுகிறது, கணக்குப்படி வலப்பக்கம் வளைய வேண்டும், ஆனால் பந்து இடப்பக்கம் ஹூக் ஆகிப் போகிறது. “மெஷின் தப்பு” என்பார்கள். நான் காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை எடுத்து டிரைவர் முகத்தில் ஒரு பூச்சு அடித்துவிட்டு மறுபடி அடிக்கச் சொல்வேன். பந்து பட்ட அடையாளம் முனைப்பக்கம், அதாவது தண்டிலிருந்து தள்ளிய ஓரத்தில் இருக்கும். முனையில் பட்டால் கிளப் தலை பந்தைச் சுற்றித் திறந்து திரும்பும், பந்து அதற்கு எதிர்ப்பக்கம் சுழலும். இதை கியர் எஃபெக்ட் என்பார்கள். தண்டை ஒட்டிய குதிப்பக்கம் பட்டால் ஸ்லைஸ் சுழற்சி கூடும். டிரைவர் தலையின் எடை மையம் முகத்துக்குப் பின்னால் ஆழத்தில் இருப்பதால் அதில் இது பலமாக இருக்கும், அயர்னில் மிகக் குறைவு. டிரைவர் முகம் தட்டையாக இல்லாமல் வெளியே வளைந்து இருப்பதே இதைச் சரிக்கட்டத்தான். பட்ட இடத்தைக் கருவி காட்டாவிட்டால், பவுடர் இல்லாமல் திசை எண்களைப் படிக்கவே படிக்காதீர்கள்.

மேல் கீழாகவும் இது வேலை செய்யும். முகத்தின் மேற்பகுதியில் பட்டால் பந்து உயரமாகக் கிளம்பும், ஸ்பின் குறையும். கீழே பட்டால் தாழ்வாகக் கிளம்பும், ஸ்பின் ஏறும். 3,500 ஸ்பின் வருகிறது, குறைந்த ஸ்பின் டிரைவர் வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் செய்வது டீயை உயர்த்துவதுதான். புது டிரைவர் விற்பது என் தொழிலுக்கு லாபம், இருந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஸ்பின்னைப் பற்றி இன்னொன்றும். உங்கள் கட்டுரையில் ஸ்பின் ஏதோ எதிரி என்பது போல எழுதியிருந்தது. பின்சுழற்சிதான் பந்தைக் காற்றில் தாங்குகிறது என்பதை 1890களிலேயே ஸ்காட்லாந்து இயற்பியலாளர் பீட்டர் கத்ரி டெய்ட் காட்டிவிட்டார். பந்தில் நீளமான நாடாவைப் பொருத்தி, களிமண்ணில் போய்ப் பதியும்படி அடிக்கச் செய்து, நாடாவில் எத்தனை முறுக்கு விழுந்திருக்கிறது என்று எண்ணினார். இன்றைய கருவியின் கொள்ளுப்பாட்டன் அந்த நாடாதான். அவருடைய மகன் ஃப்ரெடி டெய்ட் 1896லும் 1898லும் பிரிட்டனின் அமெச்சூர் சாம்பியன்ஷிப் வென்றவர் என்பது கூடுதல் சுவாரசியம். ஸ்பின் அதிகமானால் பந்து மேலே எழும்பி நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் 90 மைல் வேகக்காரர் அதை 1,800க்குக் குறைத்தால் பந்து தாங்க ஆளில்லாமல் விழும்.

ஸ்பின் எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு ஸ்பின் லாஃப்டிலிருந்து. அடிக்கும் நொடியில் முகம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதிலிருந்து அட்டாக் ஆங்கிளைக் கழித்தால் கிட்டத்தட்ட அது வரும். முகம் 14 டிகிரி, அட்டாக் மைனஸ் 4 என்றால் 18. அதே 14ஐ வைத்துக்கொண்டு பிளஸ் 2இல் அடித்தால் 12. இரண்டாவது ஆளின் ஸ்பின் கணிசமாகக் குறையும், பந்தின் வேகமும் சற்றுக் கூடும். மறுபடியும் அட்டாக் ஆங்கிளிலேயே வந்து நிற்கிறோம் பாருங்கள்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. டிராக்மேன், ஃப்ளைட்ஸ்கோப் போன்றவை ரேடார் வகை, பந்துக்குப் பின்னால் நிற்கும். ஜிசி குவாட், ஸ்கைட்ராக் போன்றவை கேமரா வகை, பந்துக்குப் பக்கத்தில் நிற்கும். திறந்தவெளியில் ரேடார் பந்தை விழும்வரை தொடர்ந்து பார்க்கும். அறைக்குள் வலையில் அடித்தால் எந்தக் கருவியும் பந்து பறந்ததைப் பார்ப்பதில்லை. கிளம்பிய நிலையை அளந்து மீதியைக் கணக்கிட்டுச் சொல்கிறது. சில சிறிய ரேடார் கருவிகள் அறைக்குள் ஸ்பின்னையே ஊகித்துத்தான் காட்டும். அதற்காகவே அடையாளம் பதித்த பந்துகள் வருகின்றன. உங்கள் கருவியில் எது அளந்தது, எது கணக்கிட்டது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊகித்த ஸ்பின்னை நம்பி ஷாஃப்ட் மாற்றாதீர்கள். பயிற்சி மைதானத்தின் தேய்ந்த பந்துகளும் உங்கள் சொந்தப் பந்தைப் போலப் பறக்காது. அவற்றில் வந்த தூரத்தை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டாம்.

கருவியை இலக்குக்கு நேராக வைத்திருக்கிறோமா என்பதும் முக்கியம். 2 டிகிரி திரும்பி இருந்தால் 220 யார்டில் அது கிட்டத்தட்ட 8 யார்டு விலகலாகத் தெரியும், பாதையும் முகமும் இரண்டுமே 2 டிகிரி தப்பாக வரும். இதில் ஒரு நல்ல சேதி, இரண்டும் ஒரே அளவு தப்புவதால் ஃபேஸ் டு பாத் மாறாது. வைத்த விதம் சந்தேகமாக இருந்தால் அந்த எண்ணை மட்டும் நம்பலாம்.

அயர்னில் கேரியைவிட நான் அதிகம் பார்ப்பது பந்து இறங்கும் கோணம். 7 அயர்னில் பிஜிஏ 50 டிகிரி, எல்பிஜிஏ 47. இப்போது வரும் 7 அயர்ன்கள் சிலவற்றில் லாஃப்ட் 30 டிகிரிக்கும் கீழே இருக்கிறது. பழைய கணக்கில் அது 5 அல்லது 6 அயர்ன். “புது 7 அயர்ன் 15 யார்டு கூடப் போகுது மேடம்” என்று பூரித்துப்போய்ச் சொல்வார்கள். திரையில் இறங்கும் கோணம் 40 காட்டும். கிரீனில் (குழி இருக்கும் குட்டைப் புல்தரை) விழுந்து பின்பக்கம் உருண்டு ஓடும் பந்துக்கு அந்த 15 யார்டு எதற்கு? 45க்கு மேல் இறங்கவில்லை என்றால் அந்த கிளப்பை அவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. எண் எழுதியிருப்பது வெறும் அடையாளம், லாஃப்டைக் கேளுங்கள். இன்னொரு வேடிக்கை, டூர் வீரர்களின் பந்து எந்த கிளப்பில் அடித்தாலும் 30 யார்டை ஒட்டிய உயரத்துக்குப் போகிறது. டிரைவர் 32, 7 அயர்ன் 32, பிட்சிங் வெட்ஜ் 29. என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு நீள அயர்ன்கள் அந்த உயரத்தில் பாதியைக்கூட எட்டுவதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு 4, 5 அயர்னை எடுத்துவிட்டு, பந்தை எளிதாக உயர்த்தும் ஹைப்ரிட் கிளப்பைக் கொடுத்துவிடுவேன்.

தூரத்தை மிகைப்படுத்திப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 7 அயர்னில் பத்துப் பந்து அடிக்கிறார்கள். 128, 139, 135, 121, 140, 133, 137, 152, 130, 136 என்று வருகிறது என்று வையுங்கள். வீட்டுக்குப் போகும்போது “என் 7 அயர்ன் 150” என்று சொல்லிக்கொண்டு போவார். மைதானத்தில் முன்னால் பங்கர் (மணல் பள்ளம்) இருக்கும்போது 150 என்று நம்பி அதே கிளப்பை எடுப்பார், பந்து பங்கருக்குள் போகும். அவருடைய 7 அயர்ன் 135. அந்த 152 எப்படி வந்தது என்று பார்த்தால் பெரும்பாலும் ஸ்பின் குறைந்து பறந்த ஒன்றாக இருக்கும், மறுபடி வேண்டும்போது வராது. சுத்தமாகத் தப்பியதை எடுத்துவிடுங்கள், சிறந்ததையும் எடுத்துவிடுங்கள், மீதியின் நடுவில் இருப்பதுதான் உங்கள் தூரம். மொத்தத் தூரத்தை நம்பாதீர்கள், அது கருவி தரையை எவ்வளவு கடினம் என்று நினைத்ததோ அதைப் பொறுத்தது. கேரியை மட்டும் எழுதி வையுங்கள்.

தூரம் எவ்வளவு பரவுகிறது என்பதையும் பாருங்கள். இரண்டு டிரைவர்களை ஒப்பிடும்போது ஒன்று சராசரியில் 5 யார்டு கூடப் போகிறது, ஆனால் பக்கவாட்டில் இரண்டு மடங்கு சிதறுகிறது என்றால் நான் மற்றதைத்தான் கையில் கொடுப்பேன். வாங்குகிறவர் முகம் வாடும். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

பயிற்சியில் ஒரு நேரத்துக்கு ஒரு எண்ணைத் தவிர மீதியை மறைத்துவிடுங்கள். பெரும்பாலான கருவிகளில் அந்த வசதி இருக்கிறது. அட்டாக் ஆங்கிளைச் சரிசெய்யும் நாளில் கேரி கண்ணில் பட்டால் போயிற்று, அடுத்த அடியில் பழைய ஸ்விங் திரும்பி வந்துவிடும். முதலில் எதைச் செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள், எண் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று சொல்லிக்கொள்ளுங்கள், பிறகு அடியுங்கள். மாற்றம் வந்ததா என்று பார்க்க ஒரு அடி போதாது.

கடைசியாக வெட்ஜ். உங்கள் கட்டுரையில் வெட்ஜைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அது எனக்கு வருத்தம். டிரைவரில் ஒரு யார்டு கூட்ட வாரக்கணக்கில் போராடுகிறவர்கள், ஒரு மாலை நேரத்தை வெட்ஜுக்குக் கொடுத்தால் அதைவிட அதிகமாக ஸ்கோர் இறங்கும் (கோல்ஃபில் ஸ்கோர் குறைவதுதான் நல்லது) என்பது என் அனுபவம். கையில் இருக்கும் ஒவ்வொரு வெட்ஜிலும் மூன்று அளவு ஸ்விங் வைத்துக்கொள்ளுங்கள்: இடுப்புவரை, மார்புவரை, முழுசாக. ஒவ்வொன்றிலும் சில பந்துகள் அடித்து நடுவில் வரும் கேரியை எழுதுங்கள். மூன்று வெட்ஜ் என்றால் ஒன்பது எண்கள். அவற்றில் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தால் ஒன்றைத் தூக்கிப்போடலாம். இரண்டுக்கு நடுவே 20 யார்டு இடைவெளி விழுந்தால் லாஃப்டை மாற்ற யாரிடமாவது கொடுங்கள். ஃபோர்ஜ்டு (உலோகத்தை அடித்து உருவாக்கிய) வெட்ஜாக இருந்தால் ஒன்றிரண்டு டிகிரி வளைத்துத் தர முடியும். ஸ்பின் எண் அடிக்கு அடி ஆயிரக்கணக்கில் ஆடுகிறதென்றால் முகத்தில் இருக்கும் குரூவ் (பள்ளக் கோடுகள்) தேய்ந்திருக்கிறதா, முகத்தில் ஈரமோ புல்லோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், ஒவ்வொரு அடிக்கும் முன்னால் துடையுங்கள். அந்த ஒன்பது எண்களையும் ஒரு சின்ன அட்டையில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போங்கள்.

இப்படிக்கு,
கோல்ஃப் கிளப் பொருத்தும் வாசகி ஒருவர்